நூடில்ஸ் தாச்சியும் நமது பேணுதலும்




மட்டக்களப்பு வாவிக்கரையோரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பாடசாலை ஆசிரியை. பகல் இரண்டு மணி தாண்டி வீடு வந்து சேரும்போது மூன்று பிள்ளைகளும் பசியோடு நிற்பார்களாம். மூவரும் ஒரே குரலில் கேட்பது நூடில்ஸ்.

"கொஞ்ச நேரத்தில் செய்து கொடுத்துவிடலாம். ஆனால் எங்கள் உம்மா அதைத் தொடவும் மாட்டார். சீனாக்காரர் பன்றியும் பாம்பும் தின்பவர்கள், அவர்களுடைய சாப்பாடு நமக்கு ஆகாது என்கிறார். நூடில்ஸ் பிரட்டிய தாச்சியில் தனக்கு மீன் பொரிக்கக் கூடாதென்று வேறு தாச்சி வைத்திருக்கிறார். பிள்ளைகள் உம்மும்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இது ஹலாலா, ஹராமா? ஆகுமென்றால் வீட்டிலேயே எப்படிச் சுத்தமாகச் செய்வது?" என்று கேட்கிறார்.

இக்கடிதத்தில் கேள்விகள் இரண்டு இருக்கின்றன. கேட்கப்படாத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்ற வரியில் அது ஒளிந்திருக்கிறது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

சீனாவிலிருந்து வந்தவை

நாம் தேநீரில் கரைக்கும் சீனிக்குப் பெயரிலேயே சீனம் இருக்கிறது. பெருநாளுக்குப் பிள்ளைகள் கொளுத்தும் சீனவெடியும் அப்படித்தான். நாம் தாச்சி என்று சொல்லும் குழிந்த இரும்புச் சட்டியைத் தென்னிந்தியாவில் பலர் சீனச்சட்டி என்றே அழைக்கிறார்கள். தேயிலையும் அந்நாட்டுச் செடியே. இவற்றையெல்லாம் நம் மூத்தவர்கள் தயக்கமின்றிப் பயன்படுத்தினார்கள். ஒரு பொருள் எந்த நாட்டில் பிறந்தது என்பதைக் கொண்டு மார்க்கம் அதை ஹலால் என்றோ ஹராம் என்றோ தீர்ப்பதில்லை.

சீனா என்றால் முஸ்லிம்களே இல்லாத தேசம் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் நமது இலங்கைக்கும் வந்து சென்ற இப்னு பதூதா, சீன நகரங்களில் முஸ்லிம்களுக்குத் தனிக் குடியிருப்புகளும் பள்ளிவாசல்களும் இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னர் சீனப் பேரரசரின் பெருங் கப்பற்படையை நடத்தி வந்த செங் ஹே, யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையும் பாட்டனாரும் ஹாஜி என்று அழைக்கப்பட்டவர்கள். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட அவருடைய கல்வெட்டொன்று 1911இல் காலி நகரில், மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்த அக்கல் கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் சென்றால் காணக்கூடிய ஒன்று. சீனரின் கப்பல் நம் கரையைத் தொட்டபோது நமது தமிழும் அந்தக் கல்லில் ஏறியது.

நூடில்ஸுக்கு வருவோம். சீனாவின் வடமேற்கே கான்சு மாகாணத்தில் லான்சோ என்றொரு நகரம் உண்டு. மாவைக் கையால் இழுத்து இழுத்து நூலாக்கி, மாட்டிறைச்சிச் சாற்றில் இட்டுத் தரும் அந்நகரத்து நூடில்ஸ் சீனா முழுவதும் புகழ்பெற்றது. அதனைச் செய்து பரப்பியவர்கள் ஹுய் எனப்படும் சீன முஸ்லிம்கள். அவர்களுடைய உணவகங்களின் முகப்பில் 'சிங்சென்' என்ற சொல்லைக் காணலாம். தூய்மையும் உண்மையும் என்பது அதன் பொருள். ஹலால் என்பதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது. எனவே, சகோதரியின் உம்மா கேட்கும்படி இதைச் சொல்லுங்கள்: பிஸ்மில்லாஹ் சொல்லி நூடில்ஸ் உண்டவர்கள் சீனாவிலேயே பல தலைமுறைகளாக இருக்கிறார்கள்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். சீனா சென்றேனும் கல்வி தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதாக மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அந்த அறிவிப்பு ஆதாரபூர்வமானதல்ல. இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அதனை இட்டுக்கட்டப்பட்டவற்றின் வரிசையில் சேர்த்துள்ளார்கள். நமது வாதத்துக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லை நபியவர்கள் மீது சாட்டுவது நமக்கு ஆகாது.

மார்க்கம் எதைப் பார்க்கிறது?

சூரதுல் பகராவின் 168ஆவது வசனம், பூமியிலுள்ளவற்றில் ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணுமாறு மனிதர் அனைவரையும் அழைக்கிறது. ஹலால் என்பது அனுமதிக்கப்பட்டது. தய்யிப் என்பது நல்லது, தூய்மையானது. ஹலால் தெளிவானது, ஹராம் தெளிவானது, இரண்டுக்கும் இடையே ஐயத்துக்குரியவை உள்ளன என்ற நுஃமான் பின் பஷீர் (ரழி) அவர்களின் அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஐயமானதைத் தவிர்ப்பவர் தமது மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார்.

அதேவேளை, எதையும் எவரையும் சந்தேகித்துக்கொண்டே இருப்பது பேணுதலாகாது. ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு செய்தி புகாரியில் உள்ளது. சிலர் இறைச்சி கொண்டு வருகிறார்கள், அதன் மீது அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா என்று தெரியவில்லை எனக் கேட்கப்பட்டபோது, நீங்கள் பிஸ்மில்லாஹ் கூறி உண்ணுங்கள் என்றே நபியவர்கள் வழிகாட்டினார்கள். அந்த இறைச்சியைக் கொண்டு வந்தவர்கள் இஸ்லாத்துக்குப் புதியவர்கள். அவர்களைத் துருவிக் கேள்வி கேட்டு நோகடிக்கும்படி சொல்லப்படவில்லை.

இவ்விரண்டு ஹதீஸ்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நமக்குரிய வழி புரியும். அறிய முடிந்ததை அறிந்துகொள்ள வேண்டும். காரணமில்லாத சந்தேகத்தை விட்டுவிட வேண்டும். நூடில்ஸ் விடயத்தில் அறிய முடிந்தவை அநேகம்.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது?

நூடில்ஸ் நூல் கோதுமை மா, உப்பு, தண்ணீர், சில வகைகளில் முட்டை. அரிசி மாவிலும் குரக்கனிலும் செய்தவையும் நமது கடைகளில் உண்டு. இதில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. சிக்கல் அதனோடு சேர்பவற்றில்தான் இருக்கிறது.

சோயா சோஸ்: சோயா அவரை, கோதுமை, உப்பு, தண்ணீர் ஆகியவற்றை நீண்ட நாள் புளிக்க வைத்து எடுப்பது. அப்படி இயற்கையாகப் புளிக்கும்போது அதில் சுமார் 2 வீதமளவு அற்ககோல் தானாகவே உண்டாகிறது. சில நிறுவனங்கள் பழுதாகாமலிருக்க மேலதிகமாகவும் அற்ககோல் சேர்க்கின்றன. புளிக்க வைக்காமல் இரசாயன முறையில் செய்யப்படுவனவும் உண்டு. மயக்கம் தருவதற்காகச் செய்யப்படாத, குடிக்க முடியாத அளவு உப்பான ஒன்றில் தானாக உண்டாகும் சிறிதளவு பற்றி இக்கால ஆலிம்களில் பலர் இலகுவான கருத்தைக் கூறியுள்ளனர். பேணிக்கையாகத் தவிர்ப்போரும் உள்ளனர். மேலதிகமாகச் சேர்க்கப்பட்டிருப்பதை விட்டு விலகுவதில் நமக்கு எந்த நட்டமும் இல்லை. போத்தலின் பின்புறத்தை வாசியுங்கள். ஹலால் சான்று பெற்றதையே வாங்குங்கள்.

வினாகிரி: மிகச் சிறந்த தொடுகறியென்று நபியவர்களே பாராட்டிய பொருள். நமது நாட்டில் தென்னங்கள்ளிலிருந்தும் வினாகிரி செய்கிறார்கள். கள்ளிலிருந்து வந்தது எப்படி ஆகும் என்று சிலர் திகைப்பதுண்டு. நமது ஷாபிஈ மத்ஹபின்படி, போதைப் பானம் வேறெதுவும் சேர்க்கப்படாமல் தானாகவே காடியாக மாறிவிட்டால் அது சுத்தமானது, உண்ணத் தக்கது. செயற்கை வினாகிரி என்று எழுதப்பட்டிருப்பது அசற்றிக் அமிலத்தில் நீர் கலந்தது.

அஜினமோட்டோ: இதைப் பற்றிய பேச்சு அதிகம், விளக்கம் குறைவு. 1908இல் ஜப்பானிய அறிஞர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டாமேற் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, சுவைக்கு அதுவே காரணம் எனக் கண்டார். அதன் உப்பே கடையில் விற்கும் வெள்ளைத் தூள். அது நஞ்சு என்பது மிகைப்படுத்தப்பட்ட பேச்சு. உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, அதற்கு எண்ணளவான உச்ச வரம்பு விதிக்கத் தேவையில்லை என 1987இல் முடிவு செய்தது.

ஆனால் ஹலால் விடயத்தில் நாம் மறக்கக் கூடாத சம்பவம் ஒன்று உண்டு. இத்தூளை இன்று கரும்புப் பாகு போன்றவற்றில் நுண்ணுயிர்களை வளர்த்துச் செய்கிறார்கள். அந்த நுண்ணுயிர்களுக்கு இடும் ஊட்டத்தைத் தயாரிப்பதில் பன்றியிலிருந்து எடுத்த நொதியம் பயன்பட்டிருந்தது 2000ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் தெரியவந்தது. அந்நாட்டு உலமா சபை அதனை ஹராம் எனத் தீர்ப்பளித்தது. 2001 ஜனவரியில் நாடெங்கும் கடைகளிலிருந்து பண்டம் திருப்பிப் பெறப்பட்டது. இறுதித் தூளில் பன்றியின் பொருள் இல்லை என்று கூறி, அப்போதைய ஜனாதிபதி அப்துர் ரஹ்மான் வாஹித் அதனை ஹலால் என்றார். ஆலிம்களோ, செய்முறையில் பயன்பட்டதே தடைக்குப் போதும் என்றனர். ஊட்டத்தை மாற்றிய பின்னரே மீண்டும் சான்று வழங்கப்பட்டது. அசுத்தம் வேறொரு பொருளாக உருமாறினால் சுத்தமாகிவிடுமா என்பது மத்ஹபுகளுக்கிடையே பழைய கருத்து வேறுபாடு. ஷாபிஈ மத்ஹப் இதில் இறுக்கமானது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? பொதியை வாசித்து மட்டும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. தொழிற்சாலைக்குள் சென்று பார்ப்பவர்கள் தேவை. ஹலால் சான்றின் பயன் அதுதான். நமது நாட்டில் அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா அப்பணியைச் செய்து வந்தது. 2013இல் எழுந்த எதிர்ப்புப் பிரசாரங்களின் பின்னர் அது விலகிக்கொள்ள, 2014 முதல் தனியான ஹலால் சான்றுறுதிப் பேரவை அப்பொறுப்பை ஏற்றது. அந்த நாட்களில் நம்மில் பலர் கடைகளில் இலச்சினையைத் தேடித் தடுமாறினோம். இலச்சினை ஒன்றே போதுமென்று கண்ணை மூடிக்கொண்டிருந்ததன் விளைவு அது.

உடனடி நூடில்ஸ் பொதிக்குள் வரும் சிறு சுவைத்தூள் பையிலும் கோழிச்சாறுக் கட்டிகளிலும் இறைச்சிப் பொருட்கள், கொழுப்பு, சுவையூட்டிகள் எனப் பல சேர்ந்திருக்கும். சான்றில்லாத வெளிநாட்டுப் பொதிகளை வாங்காதீர்கள். சான்று உள்ளதாயினும் உப்பு மிக அதிகம். பெரியவர் ஒருவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. அந்தப் பையில் பாதியைக் கொட்டிவிடுவது நல்லது. முழுவதையும் விட்டுவிடுவது அதைவிட நல்லது.

வெளியே சைனீஸ் உணவகங்களில் உண்பது பற்றியும் ஒரு வார்த்தை. முஸ்லிமல்லாத சீனரின் சமையலில் அரிசி மதுவும் பன்றிக் கொழுப்பும் சாதாரணமாகப் பயன்படுபவை. கோழி நூடில்ஸ்தானே என்று கேட்டு வாங்கினாலும் தாச்சி ஒன்றாக இருக்கக்கூடும். பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது நமது மத்ஹபின் சட்டம். ஆகவே உம்மாவின் அச்சம் ஆதாரமில்லாததல்ல. அது சேர வேண்டிய இடம் அந்தத் தாச்சி. மகளின் தாச்சியல்ல.

வாவி தரும் சுவை

சோயா சோஸும் தூளும் இல்லாமல் நூடில்ஸ் ருசிக்குமா என்று கேட்பீர்கள். ருசிக்கும். இகேடா கடற்பாசியில் கண்ட அதே குளுட்டாமேற் தக்காளிப் பழத்திலும் இறாலிலும் இயற்கையாக உண்டு. நமது வாவி இறாலுக்குப் பேர்போனது. நாம் இறாலைச் சுத்தம் செய்து தலையையும் ஓட்டையும் பூனைக்கு வீசுகிறோம். கடைக்காரர் தூளாக்கி விற்கும் சுவையின் பெரும்பகுதி அதில்தான் போகிறது.

கெடாத புதிய இறாலின் தலைகளையும் ஓடுகளையும் நன்றாகக் கழுவி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சிவந்து மணம் வரும்வரை வதக்குங்கள். ஒரு தக்காளியை நறுக்கிச் சேர்த்து, ஒன்றரைக் கோப்பை தண்ணீர் விட்டு 15 நிமிடம் கொதிக்க வையுங்கள். நசுக்கி வடித்து, ஐந்தாறு மேசைக்கரண்டி அளவுக்கு வற்ற விடுங்கள். விடுமுறை நாளில் அதிகமாகச் செய்து ஐஸ் தட்டில் உறைய வைத்துக்கொண்டால், பாடசாலை நாட்களில் இரண்டு மூன்று கட்டிகளை எடுத்துப் போட்டால் போதும்.

இறால் ஷாபிஈ மத்ஹபில் ஐயமின்றி ஹலால். ஹனபி மத்ஹப் விருந்தினர் வந்தால், அவர்களுடைய ஆலிம்களிடையே இறால் பற்றிக் கருத்து வேறுபாடு இருப்பதால், கோழி கொண்டு செய்யுங்கள். இறால் ஒவ்வாத பிள்ளைகளுக்கும் அப்படியே.

செய்யும் முறை

பின்வருவதை எங்கள் வீட்டுச் சமையலறையில் கேட்டே எழுதுகிறேன். அத்துறையில் அங்குள்ளவரே எனக்கு உஸ்தாத். ஐந்து பேருக்கு அளவானது:

நூடில்ஸ் 400 கிராம், தோல் நீக்கிக் குடல் எடுத்த இறால் 250 கிராம், முட்டை 3, கரட் 2, லீக்ஸ் 1, போஞ்சி 10, சிறிய கோவாவில் கால்வாசி, பெரிய வெங்காயம் 1, உள்ளி 6 பல், இஞ்சி சிறு துண்டு, இடித்த செத்தல் மிளகாய் 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, எண்ணெய் 4 மேசைக்கரண்டி, இறால் தலைச் சாறு, உப்பு, அரைத் தேசிக்காய்.

முதலில் எல்லாவற்றையும் நறுக்கித் தட்டுகளில் தயாராக வையுங்கள். இந்தச் சமையலில் நேரம் பிடிப்பது நறுக்குவதுதான். அடுப்பில் வைத்த பின் நறுக்கத் தொடங்கினால் கருகும். முதல் நாள் இஷாவுக்குப் பின் நறுக்கி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் இலகு.

பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் உப்பும் நூடில்ஸும் போட்டு, பொதியில் சொல்லியிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பாகவே வடித்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஒரு கரண்டி எண்ணெய் பிசறி, அகலமான தட்டில் பரப்பி ஆற விடுங்கள். ஈரத்தோடு தாச்சியில் போட்டால் களியாகிவிடும்.

தாச்சி நன்றாகக் காய்ந்து இலேசாகப் புகை வரட்டும். எண்ணெய் விட்டு, அடித்த முட்டையை ஊற்றிக் கிளறித் தனியே எடுங்கள். மீண்டும் எண்ணெய் விட்டு இறாலைப் போட்டு, சுருண்டு சிவந்ததும், இரண்டு மூன்று நிமிடத்தில், எடுத்துவிடுங்கள். அதிகம் வெந்தால் இறப்பர் போலாகும். அடுத்து உள்ளி, இஞ்சி, வெங்காயம், செத்தல் மிளகாய். பிறகு கடினமான கரட்டும் போஞ்சியும். இரண்டு நிமிடம் கழித்துக் கோவாவும் லீக்ஸும். மரக்கறி கடிபட வேண்டும், குழையக் கூடாது. இப்போது நூடில்ஸைச் சேர்த்து, சாற்றைத் தாச்சியின் ஓரமாகச் சுற்றி ஊற்றி, அடியிலிருந்து மேலாகப் பிரட்டுங்கள். இறாலும் முட்டையும் மிளகும் சேர்த்து ஒரு நிமிடம். இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள். சோயா சோஸ் சேர்ப்பவர்கள் இரண்டு மேசைக்கரண்டியோடு நிறுத்தி, மேலும் உப்புப் போட வேண்டாம்.

இரகசியம் ஒன்றுதான்: நெருப்பு உச்சத்தில் இருக்க வேண்டும், தாச்சி நிரம்பி வழியக் கூடாது. நெருக்கிப் போட்டால் சூடு குறைந்து, வறுபடாமல் தன் நீரிலேயே அவிந்துவிடும். வீட்டு அடுப்பில் சரியாக வர, மேற்சொன்ன அளவை இரண்டு பங்காகப் பிரித்துச் செய்யுங்கள்.

அப்படி இரண்டு பங்காகச் செய்யும்போது, முதற் பங்கை முட்டையும் இறாலும் அதன் சாறும் சேர்க்காமல் வெறும் மரக்கறியில் செய்து, பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சகோதரி விரதமிருக்கும் நாளாக இருந்தால் அவருக்கும் ஒரு கோப்பை அனுப்பலாம். ஆடு அறுத்தபோது, நமது யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரழி) அவர்கள் கேட்ட செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. கசப்பான பல நாட்களைக் கண்டது நமது வாவிக்கரை. மதிலுக்கு மேலால் கை மாறும் ஒரு கோப்பை உணவும் இங்கே அமல்தான்.

சிரிக்கும் பிள்ளைகளுக்கு

கேட்கப்படாத மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உம்மா சொன்ன காரணம் பிழையாக இருக்கலாம். அவர் காக்க விரும்பியது பிழையானதல்ல. வயிற்றுக்குள் ஹராம் போய்விடக் கூடாதென்ற அச்சம் அது. இன்று சிரிக்கும் பிள்ளை, நாளை கொழும்பிலோ வெளிநாட்டிலோ தனியே ஒரு கடையின் முன் நிற்கும்போது அந்த அச்சம் ஒன்றே அதற்குத் துணை. சிரித்துப் பழகிய உள்ளத்தில் அது தங்காது.

எனவே சகோதரியே, தனித் தாச்சியைப் பற்றி உம்மாவோடு தர்க்கிக்க வேண்டாம். அது அவருடைய உரிமை. அடுத்த முறை பொதியையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளை அவரருகே உட்கார வையுங்கள். அவர்கள் எழுத்துக்களை வாசிக்கட்டும், உம்மும்மா கேட்கட்டும். "இதில் என்ன இருக்கிறது?" என்ற அவருடைய கேள்வியைப் பிள்ளைகள் தங்கள் கேள்வியாக ஆக்கிக்கொள்ளட்டும். இறால் தலைச் சாறு காய்ச்ச அவரையே கேளுங்கள். ஆணம் காய்ச்சிய கை அது, பதம் உங்களை விட நன்றாகத் தெரியும்.

வாப்பாமாருக்கும் ஒரு சொல். கடைக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் நீங்கள். விலையைப் பார்க்கும் கண் பின்புற எழுத்தையும் பார்க்கட்டும். நபியவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருந்தார்கள் என ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மனைவி பாடசாலையிலிருந்து களைத்து வரும் நாளில் கரட் நறுக்குவதும் அந்த ஸுன்னாவில் சேரும்.

வல்ல அல்லாஹ் நமது உணவை ஹலாலாகவும் தய்யிபாகவும் ஆக்கி, நமது இல்லங்களில் மூத்தோரின் பேணுதலையும் இளையோரின் மகிழ்ச்சியையும் ஒரே ஸஹனில் ஒன்றுசேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.